கேட்டு வாங்கிய ஒற்றை அறை

வெள்ளம் வடிந்த வீட்டுச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. இரத்தினபுரியில் ஆற்றோரம் குடியிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். எதை ஊற்றிக் கழுவினாலும் போகாது. சுவரின் அடியில் ஊறிக் கிடந்து, அடுத்த வெள்ளம் வரும்வரை நம்மோடு குடித்தனம் நடத்தும்.

கடைசியாக வந்த வெள்ளம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்றது. வடிந்ததும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வழித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து சிகிச்சை நடந்திருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வேலை செய்ய, தான் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய தண்டனை.

“காணும்,” என்றார் திடீரென்று. “இனி ஏலாது. இந்த வீட்டை வித்துப்போட்டு மேட்டுப் பக்கமாப் போவம்.”

எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாமான்களை மாடிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால் உடனே தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இள வயதில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்து இரத்தினபுரிக்கு வந்தவர். நான் நிவித்திகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியையானவள். தோட்டத்துப் பெண்ணைக் கட்டினார் என்று அவருடைய ஆட்கள் பல வருஷம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அவர் அதை ஒரு பொருட்டாக எடுத்ததே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தும் அவர் அவருடைய தமிழைத்தான் பேசுகிறார், நான் என்னுடையதை. எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவருக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, வெளிநாடுகளில் பெரிய வீட்டை விற்றுவிட்டுப் பெட்டி மாதிரி சின்ன வீடுகளில் வாழப் போனவர்களைப் பற்றிய வீடியோக்களை ஃபோனில் பார்ப்பார். சுவரிலிருந்து மடக்கி இறக்கும் கட்டில், படிக்கு அடியில் அலுமாரி, இப்படி ஒவ்வொன்றாக என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். “ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு அறை? தூசி தட்டவே உமக்கு நேரம் காணாது,” என்பார். நான் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பிறந்த தோட்டத்தின் எல்லையில், கிராமத்துப் பக்கம், எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அடியில் பாறை ஓடும் மேட்டு நிலம். எப்போதோ வாங்கிப் போட்டது. வீட்டுக்கு விலை பேசி முடிந்த அன்று அவர் நான் பாடசாலையில் எழுதிய பழைய வெண்கட்டி ஒன்றைத் தேடி எடுத்து, மாடியில் சாமான்களை ஒதுக்கிவிட்டு, தரையில் நீளமாக ஒரு கட்டம் கீறினார்.

“இது படுக்கிற இடம். இதில அடுப்பு. இந்த மூலையில பாத்ரூம். அவ்வளவுதான் வீடு. உள்ளுக்கு வந்து நிண்டு பாரும்.”

நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். நின்ற மாத்திரத்தில் கால்களுக்கு அந்த அளவு தெரிந்துவிட்டது. அது எங்கள் காம்பரா. லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்கு என்று தந்த ஒற்றை அறையை அப்படித்தான் சொல்வோம். அப்பா, அம்மா, தாத்தா, பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அதற்குள்தான் சமைத்தோம், சாப்பிட்டோம், காய்ச்சலில் கிடந்தோம், சண்டை போட்டோம். அம்மா சேலை மாற்றும்போது நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வோம். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் எங்கள் வீட்டுக் குழந்தை எழுந்து அழும். நான் பெரிய பெண்ணான நாட்களில் அதன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்த அறையிலிருந்து வெளியே போய்விட வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில்தான் நான் படித்தேன்.

“எப்பிடி?” என்று கேட்டார்.

“சின்னதா இருக்குங்க.”

“சின்னனாத்தான் இருக்கவேணும். அதுதானே விசயமே!”

அவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன்.

சேதி பரவியதும் அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் ஃபோன் எடுத்துச் சிரித்தார்கள். “இந்த வயசில சின்ன வீடு வைக்கிறியாம்?” என்று ஒருவர் கேட்க, இவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து வீட்டம்மா என்னிடம் அதையே ரகசியக் குரலில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்து வைத்தேன். 

சாமான்களைக் கழிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். மீதியில் பெரும்பகுதி என் தங்கைக்குப் போனது. அவள் நாங்கள் பிறந்த அதே லயத்தில்தான் இன்னும் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். புருஷன் இறந்து பல வருஷமாகிறது. அவளுடைய மகள் கொழும்புப் பக்கம் கார்மென்ட் வேலையில் இருந்தாள். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அதனால் எதைக் கொடுத்தாலும் “மகளுக்கு ஆகும்” என்று தங்கை வாங்கிக்கொண்டாள். தையல் மெஷின், பீங்கான் தட்டுகள், கப்புகள், மேசை விரிப்புகள், உட்கார இரண்டு கதிரைகள் என்று லொறியில் போனது. தேக்கு அலுமாரி மட்டும் காம்பராக் கதவுக்குள் நுழையவில்லை. அதை வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நிறுத்தி, பொலித்தீன் சுற்றிக் கட்டினோம்.

“நீ காலி பண்ற, நான் அடைக்கிறேன்,” என்றாள் தங்கை, உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டு. “நல்ல வேலதான் அக்கா.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தக் காணியில் எழும்பிய புது வீட்டில் ஆரம்ப மாதங்கள் நன்றாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அது வெயில் காலம். பெருக்கத் தொடங்கினால் மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்துவிடும். வாசலில் நின்றால் பள்ளத்துக்கு அப்பால் தேயிலைச் சரிவும், அதன் இடுக்கில் தங்கையின் லயத்துக் கூரையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குறுக்குப் பாதையால் நடந்து வந்துவிடுவாள். நாங்கள் வெளியே கல்லில் உட்கார்ந்து பேசுவோம். அவர் கறிவேப்பிலையும் மிளகாயும் நட்டார். முகத்தில் சதை பிடித்தது.

மழை தொடங்கி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டி வந்தபோதுதான் விஷயம் வேறு மாதிரிப் போனது. பழைய வீட்டில் அவருக்கு மாடி, எனக்குக் கீழ்த்தளம். கோபம் வந்தால் அவரவர் அறை. அப்படி ஒதுங்கி ஒதுங்கியே அத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓட்டியிருக்கிறோம் என்பதே இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இங்கே அவர் ஃபோனில் செய்தி கேட்டால் நானும் கேட்க வேண்டும். நான் மகளோடு பேசினால் அவர் நடுவில் பதில் சொல்வார். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். கரண்டியை மாற்றி மாட்டினால், “உதை அங்க வையாதையும்” என்பார். ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. தட்டு இரண்டு. கப் இரண்டு. “யாராச்சும் வந்தா?” என்று கேட்டதற்கு, “ஆர் வரப்போகினம்?” என்று முடித்துவிட்டார்.

அந்த வீட்டில் உள்ளே கதவு என்று இருந்தது பாத்ரூமுக்கு மட்டும்தான். அழுகை வந்தால் அங்கே போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கப் பைப்பைத் திறந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த நேரம், தங்கை ஒரு பலாக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். மழையானதால் முதல் தடவையாக அவளை உள்ளே உட்கார வைத்தோம். அவர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். “இருங்கோ பிள்ளை, நான் தேத்தண்ணி போடுறன்,” என்று என்னை எழும்பவே விடவில்லை. தேநீர் வந்தது. எனக்கு ஒரு கப், அவருக்கு ஒரு கப், தங்கைக்கு ஒரு ஜாம் போத்தலில்.

தங்கை அதை வாங்கி ஒரு கணம் பார்த்தாள். “சூடா இருக்கு சார், ஆறட்டும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வாசற்படிக்குப் போனாள். என் கணவரை அவள் ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. ஆரம்பத்திலிருந்தே சார்தான். கூரை ஓரத்தில் நனைந்தும் நனையாமலும் உட்கார்ந்திருந்தாள். அவர் யானை விலை விற்கும் மரக்கறியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குடிக்கவில்லை. தேநீரை மிளகாய்ச் செடியின் அடியில் ஊற்றினாள். வெளிப் பைப்பில் போத்தலைக் கழுவினாள். அதை உள்ளே கொண்டுவராமல், படிக்கு வெளியே, ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். “வர்றேன் அக்கா,” என்று கிளம்பிவிட்டாள்.

 அவள் அப்படிக் கவிழ்த்து வைத்ததன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில், அவளைக் கேகாலையில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு தமிழ் உத்தியோகத்தர் வீடு. அங்கே பின்சுவரில் ஆணி அடித்து அவளுக்கென்று ஒரு தகர டப்பா மாட்டியிருந்தார்களாம். அதில்தான் தேநீர். குடித்ததும் அவளே கழுவி, வீட்டுக்கு வெளியே கவிழ்த்து வைக்க வேண்டும். அதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் என் கல்யாணத்துக்குப் பிறகு.

அதன் பிறகு அவள் வரவில்லை. ஃபோன் எடுத்தால், “வேல இருக்கு அக்கா” என்பாள். மழை விட்டபாடில்லை. ஓயாமல் தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. நானும் அவரும் அந்த ஓர் அறைக்குள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருப்பது பெரிய வீட்டில் சுலபம். இங்கே அதை ஒளித்து வைக்க ஓர் இடமில்லை.

கடைசியில் அவராகவே கேட்டார், ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. “உம்மடை தங்கச்சி ஏன் இப்ப வாறேல்ல?”

“அன்னைக்கு அவளுக்குப் போத்தல்ல தேத்தண்ணி குடுத்தீங்கல்ல.”

“அதுக்கென்ன?”

“அவ கப்ல குடிக்கக் கூடாதா?”

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. “அதில நிறையப் பிடிக்கும் எண்டுதான் அவவுக்குக் குடுத்தனான். மழையில நடந்து வந்த பிள்ளை. முப்பது வருசமா என்னோட இருந்து, என்னை இதுதான் எண்டு விளங்கி வச்சிருக்கிறீரே?”

“நீங்க என்ன நெனச்சுக் குடுத்தீங்கனு அவளுக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டு கப் போதும்னு யாரு சொன்னது? வீட்டுல இருந்த கப்பெல்லாம் அவகிட்டத்தான் இருக்கு. எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டு, அவ வந்தா போத்தல்!”

“நீரும்தானே எல்லாத்துக்கும் ஓமெண்டனீர்!”

“நான் எங்க ஓம்னேன்? பேசாம இருந்தேன்.”

“பேசாமல் இருந்தால் ஓமெண்டுதானே அர்த்தம்?”

“இல்ல!” என் குரல் எனக்கே பயமாக இருந்தது. “நான் இந்த மாதிரி ரூம்லதான் பொறந்தேன். இதுலேர்ந்து ஓடணும்னுதான் படிச்சேன். நீங்க தரையில கோடு கீறினப்பவே எனக்கு மூச்சு முட்டிருச்சு. உங்களுக்கு இது ஆச. எங்க ஆளுங்களுக்கு வேற வழியில்ல. அந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியவே புரியாது.”

அவர் எழுந்தார். கையைக் கழுவப் போகவும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் விலகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், நானே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, பைப்பை முழுதாகத் திறந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கதவை அவர் தட்டுவது கேட்டது. நான் பைப்பை மூடவில்லை. தட்டல் இடியானது.

“வெளியால வாரும்!”

“கொஞ்ச நேரம் என்ன விடுங்க!”

“மலை வெடிச்சிருக்காம்! லயத்து ஆக்களை எல்லாம் இறங்கச் சொல்லுகினம்!”

பைப்பை மூடியதும்தான் கேட்டது. கீழ்ப் பாதையில் ஒரு திரீவீலரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிராம சேவகர் கத்திக்கொண்டு போனார். “ஒக்கோம இஸ்கோலெட யன்ன! இக்மனட!” எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், சீக்கிரம் என்று திரும்பத் திரும்ப அதே குரல். எங்கள் வீடு பாறையில் இருந்ததால் எங்களுக்கு அந்த உத்தரவு இல்லை. தங்கைக்கு ஃபோன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

“நீங்க இருங்க, நான் போறேன்,” என்றேன்.

“விசர்க் கதை கதையாதையும்,” என்று அவர் குடையைக்கூட எடுக்காமல் முன்னால் இறங்கிவிட்டார்.

குறுக்குப் பாதை ஓடையாகியிருந்தது. எப்போதும் கண்ணாடி மாதிரி ஓடும் நீர் அன்றைக்குச் செங்கல்லைக் கரைத்த நிறத்தில், கல்லையும் வேரையும் உருட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. நில்லுங்கள் என்றால் நிற்கமாட்டார் என்று தெரிந்து, நான் வாய் திறக்காமல் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

லயத்தில் அநேகமாக எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். கங்காணி ஒருவர் மழைக்கோட்டோடு ஓடி ஓடி ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டிருந்தார். “ஒங்க தங்கச்சிதாம்மா கெளம்ப மாட்டேங்குது! பின்னாடி மலையப் பாருங்க, வாய் பொளந்து நிக்குது!” என்று என்னிடம் கத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். லயத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு கறுப்புக் கோடு குறுக்காக ஓடியது. அதற்குக் கீழே இருந்த செடிகள் எல்லாம் ஒரு முழம் இறங்கி நின்றன.

தங்கை காம்பராவுக்குள் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கப்புகள் இருந்த பெட்டியை ஏற்கெனவே வாசலில் வைத்திருந்தாள். சுற்றிலும் எங்கள் கதிரைகள், எங்கள் தட்டுகள், எங்கள் விரிப்புகள். நடுவில் அவள் முழுக்க நனைந்து நின்றாள்.

“வா வெளிய!” என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

“விடுங்கோ பிள்ளை,” என்றார் அவர், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி. “சாமான் போனால் போகட்டும்.”

அவள் சட்டென்று திரும்பினாள். “உங்களுக்குப் போனா போகட்டும் சார்! நீங்க வேணாம்னு குடுத்தவங்க. நான் வேணும்னு வச்சிருக்கேன். எம்மகளுக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு?”

பின்பக்கம் எங்கோ ஈர மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கங்காணி வெளியிலிருந்து அலறினார்.  என் கணவர் உள்ளே வந்தார். மெஷினின் தலையை மட்டும் பலகையிலிருந்து கழற்றினார். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். “கீழ்ப் பலகை வேற செய்யலாம். இதுதான் மெஷின். வாங்கோ.”

“நீங்க தூக்கக் கூடாதுங்க! என்கிட்ட குடுங்க!” என்று நான் பிடுங்கப் போனேன். தரவில்லை. அவர் தூக்கிக்கொண்டு வெளியே நடந்த பிறகுதான் தங்கை கப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அந்த இறக்கம் முழுவதும் நான் மலையைப் பார்க்கவில்லை. அவருடைய உதட்டின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டு இறங்கினேன். நீலமாகிறதா, நீலமாகிறதா என்று.

கீழ்ப் பாதைக்கு வந்து மெஷினை ஒரு மதகில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தபோது, மேலே மலை இறங்கியது. இடி மாதிரி இல்லை. பெரிய லொறி ஒன்று மண்ணைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. லயத்தின் மறுகோடிக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. ஆட்கள் யாரும் உள்ளே இல்லை. தங்கையின் காம்பரா நின்றது. ஆனால் பின்னாளில் ஒட்டிக் கட்டிய சமையல் குசினி நிறையச் சேறு. இஸ்தோப்பில் நின்ற அலுமாரி குப்புற விழுந்து கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

“எங்கட வீட்டுக்கு வாங்கோ,” என்றார் அவர் தங்கையிடம்.

“உங்க வீட்ல எங்க சார் இடம்? நான் ஸ்கூலுக்கே போறேன்.”

 அவர் மதகிலிருந்து எழுந்தார். பிறகு, “நீங்கள் அக்காவோட போங்கோ. நான் பள்ளிக்கூடத்தில படுக்கிறன்,” என்றார்.

நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. உண்மையிலேயே போய்ப் படுத்தார். மழை ஓயும்வரை லயத்துச் சனங்களோடு ஒரு வகுப்பறைத் தரையில் பாய் விரித்துக் கிடந்தார். மாத்திரைகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தங்கை அவருடைய கட்டிலில் படுத்தாள்.

முதல் இரவு முடிந்து காலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது சவரம் செய்யாத முகமும் இடுப்பில் சேறு காய்ந்த சாரமுமாக இருந்தார். “காலை நீட்டேலாது. ஒருத்தர் புரண்டால் எல்லாரும் புரளவேணும்,” என்றார் என்னைப் பார்க்காமல். பிறகு தங்கையின் முன்னால் வந்து நின்றார். “பிள்ளை, அண்டைக்கு அந்தப் போத்தல்... நான் ஒண்டும் நினைச்சுக் குடுக்கேல்ல.”

“தெரியும் சார்,” என்றாள் அவள். “தெரிஞ்சும் குடிக்க முடியல.”

 அவள் கேகாலை வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஆணி, டப்பா, கவிழ்த்து வைத்தது எல்லாம். குரலில் அழுகை இல்லை. சமையல் பக்குவம் சொல்லுகிற மாதிரிச் சொல்லி முடித்தாள்.

“எந்த ஊர் ஆக்கள்?” என்று கேட்டார்.

“உங்க ஊர் ஆளுங்கதான் சார்.”

அவர் வெளியே போய் முற்றத்தில் மழையில் நின்றார். தங்கை என்னிடம் மெல்லிய குரலில், “சொல்லியிருக்கக் கூடாதோ?” என்றாள். “இல்ல, சொன்னதுதான் சரி,” என்றேன்.

மழை விட்டதும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அங்கே குடியிருக்கக் கூடாது என்று லயத்துச் சுவர்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் சனங்களை அங்கேயும் வைத்திருக்க முடியவில்லை. ஒவ்வொருவராக, ஒட்டிய அறிவித்தலுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மறுபடியும் உள்ளே போனார்கள். தங்கையும் போனாள்.

“இங்கயே இரு,” என்று கெஞ்சினேன்.

“ரெண்டு நாளைக்கு இருக்கலாம் அக்கா. அதுக்கு மேல நீயும் நானும் சாரும் ஒரே ரூம்ல எப்படி? வேலைக்கும் அங்கேர்ந்துதான் போகணும். எடம் குடுக்கட்டும், போவோம்.”

அவள் போன அன்று நான் அவரிடம், “எனக்குக் கதவோட ஒரு ரூம் வேணும்,” என்றேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் வாய் திறந்து எதையும் அப்படிக் கேட்டதில்லை.

“அப்ப நாங்கள் வந்த நோக்கமே போச்சு,” என்றார்.

“அது உங்க நோக்கம்.”

இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் அளவு நாடாவோடு வீட்டின் பக்கவாட்டில் குனிந்து நிற்பதைக் கண்டேன். மேசனிடம் தட்டுத்தடுமாறிய சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அறை எழும்பியது. சின்ன அறைதான். ஆனால் கதவு உண்டு. அதைச் சாத்திக்கொண்டு நான் வாசிப்பேன், சும்மா படுத்துக் கிடப்பேன். வெளியே வரும்போது அவரோடு பேச எனக்கு விருப்பமாக இருக்கிறது. இந்த ஒற்றை அறை வீட்டோடு எனக்கிருந்த பகையும் அதோடு பெரும்பாலும் போய்விட்டது. பெரிய வீட்டை நினைத்து நான் ஏங்கியதில்லை.

தங்கையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தையல் மெஷின் புதுப் பலகையோடு அவளிடம் போய்ச் சேர்ந்தது. லயத்துக்காரர்களுக்கு வேறு இடம் இன்னும் வரவில்லை. அடைமழை என்றால் தங்கை வந்து அந்த அறையில் தங்குவாள். எல்லாத் தடவையும் வரமாட்டாள். அவளுக்கு அவளுடைய காம்பரா இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஒவ்வொரு மழைக்கும் ஓட முடியாது என்கிறாள்.

இன்றைக்கும் விடிந்ததிலிருந்து மழை. சற்று முன் ஃபோன் எடுத்தேன். “ஒண்ணுமில்ல அக்கா, இன்னும் யாரும் கெளம்பல,” என்றாள். பின்னால் தகரத்தில் மழை கொட்டுவது கேட்டது. அவர் வாசலில் நின்று பள்ளத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுபனியில் கூரை தெரியவில்லை.

“போய்க் கூட்டிக்கொண்டு வரட்டே?” என்றார்.

“வரமாட்டா.”

“நான் கேட்டுப் பாக்கிறன்,” என்று குனிந்து காலில் சப்பாத்தைப் போடத் தொடங்கினார். நானும் கதவைச் சாத்திவிட்டுக் குடையை எடுத்தேன்.